ஸ்டெபிலைசர் பார் வாங்குவதற்கு முன் கொஞ்சம் வரலாறு

 

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும் கராஜில் வேலை பழகுகிற தம்பிமாரும் ஆறுதலாக வாசியுங்கள்.

நம்ம பக்கத்து இளைஞர்கள் மத்தியில் இப்போது ஒரு பேச்சு. அலோய் வீல் போட்டாச்சு, வாகனத்தைப் பதிச்சாச்சு, அடுத்தது பெரிய ஸ்டெபிலைசர் பார். "சேர், அதைப் போட்டா வளைவுல வாகனம் ரோட்டோட ஒட்டிக்கும்" என்று என்னிடம் படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் இந்தக் கம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் காசும் மிஞ்சும், சில நேரம் உயிரும் மிஞ்சும்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். காருக்குக் கீழே குனிந்து பார்த்தால், இடது முன் சில்லிலிருந்து வலது முன் சில்லு வரைக்கும் குறுக்காக ஓடுகிற ஒரு கம்பி தெரியும். 'ப' எழுத்துப் போல இரண்டு முனையும் மடங்கியிருக்கும். நடுப்பகுதியை இறப்பர் புஷ் போட்டு வாகனத்தின் உடம்போடு பிடித்திருப்பார்கள். முனைகள் லிங்க் மூலம் சில்லுப் பக்கம் போகும். இரண்டு சில்லும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி சும்மா சுழலும். வளைவில் வாகனம் சாய்ந்து, ஒரு சில்லு மேலேயும் மற்றது கீழேயும் போகும்போதுதான் கம்பி முறுக்கேறி, அந்தச் சாய்வை எதிர்த்து நிற்கும். சாரத்தைப் பிழிகிறபோது கையில் தெரிகிற எதிர்ப்பு இருக்கிறதே, அதே சங்கதிதான்.

இந்த யோசனை நூறு வருசத்துக்கு மேல் பழையது. 1919 ஏப்ரலில் கனடாவின் பிரெடரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் இப்படி ஒரு கம்பிக்குக் காப்புரிமை எடுத்தார். ஆனால் அந்தக் காலத்துக் கார்களில் அதற்குப் பெரிய தேவை இருக்கவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் முழு அச்சு, மேலே பட்டை ஸ்பிரிங், எல்லாமே இறுக்கம். மாட்டு வண்டியின் தம்பிதான் அது. குலுக்கும், ஆனால் அதிகம் சாயாது.

தேவை வந்தது 1930களில். மோரிஸ் ஓலி என்ற பொறியியலாளர் இங்கிலாந்தின் ரோல்ஸ் ரோய்ஸ் கம்பனியில் வேலை செய்தவர். 1930 இல் அமெரிக்காவின் கெடிலக் கம்பனிக்குப் போனார். பின் ஆசனத்தில் இருப்பவர் ஏன் இவ்வளவு குலுங்குகிறார் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒரு பெரிய காரில் எடைக் கட்டிகளை முன்னும் பின்னும் இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கை விட மென்மையாக இருந்தால் பயணம் சுகமாகிறது என்று கண்டுகொண்டார். 1934 இல் கெடிலக் கார்களில் முன் சில்லுகள் இரண்டும் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் வந்தது.

சுகம் வந்தது, கூடவே புதுப் பிரச்சினையும் வந்தது. முன்பக்கம் மென்மையானதும் கார் வளைவில் சாய்ந்தது. அதைவிடப் பெரிய விசயம், சாய்வைத் தாங்குகிற வேலை பின்பக்கத்தின் தலையில் விழுந்தது. அதனால் பின் டயர்கள் முதலில் பிடியை விட்டன. ஸ்பிரிங்கின் மென்மையைக் கெடுக்காமல் முன்பக்கத்துக்குச் சாய்வை எதிர்க்கும் பலத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் இந்தக் கம்பி. சாய்வைக் குறைப்பது அதன் வெளி வேலை. முன்பக்கமா பின்பக்கமா முதலில் வழுக்குவது என்று தீர்மானிப்பது அதன் உள் வேலை. நம்ம பார்ட்ஸ் கடைகளில் முதலாவதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். இரண்டாவதை யாரும் சொல்வதில்லை.

இந்த இரண்டாவதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். வளைவில் உள் சில்லிலிருந்து வெளிச் சில்லுக்குப் பாரம் மாறுகிறது. மொத்தமாக எவ்வளவு பாரம் மாறும் என்பது வாகனத்தின் எடை, உயரம், அகலம், வளைவை எடுக்கும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. கம்பி போட்டாலும் போடாவிட்டாலும் அந்த மொத்தம் ஏறத்தாழ மாறாது. அதில் எவ்வளவு முன் சில்லுகளுக்கு, எவ்வளவு பின் சில்லுகளுக்கு என்று பங்கு பிரிப்பதே கம்பி செய்வது. டயருக்கு ஒரு குணம் உண்டு. பாரம் இரண்டு மடங்கானால் பிடி இரண்டு மடங்காகாது, அதற்குக் குறைவாகத்தான் கூடும். ஒரு மூட்டையோடு நிமிர்ந்து நடக்கிறவர் முதுகில் இரண்டு மூட்டை ஏற்றினால் வேலை இரண்டு மடங்காகாது, நடை தள்ளாடும். ஆகவே எந்தப் பக்கத்துக் கம்பியைத் தடிப்பாக்குகிறோமோ, அந்தப் பக்கத்து டயர்களின் மொத்தப் பிடி குறைகிறது.

முன்பக்கம் தடித்த கம்பி போட்டால், எல்லை தாண்டும்போது ஸ்டியரிங் திருப்பியும் கார் நேரே இழுத்துக்கொண்டு போகும். பின்பக்கம் போட்டால் வால் வெளியே வீசும். முதலாவது நடந்தால் சாதாரண ஓட்டுநர் பயந்து காலை எடுப்பார், வேகம் குறையும், கார் பெரும்பாலும் வழிக்கு வரும். இரண்டாவது நடக்கும்போது காலை எடுத்தால் வால் இன்னும் வீசும். கார்க் கம்பனிகள் சாதாரண ஆட்களுக்கு விற்கும் காரை முன்பக்கம் முதலில் வழுக்கும்படி அமைப்பதற்குக் காரணம் இதுதான்.

கம்பியே இல்லாமலும் நல்ல கார் செய்யலாம் என்பதற்கு நாம் எல்லோரும் அறிந்த ஒரு சாட்சி இருக்கிறது. மொறிஸ் மைனர். 1948 இல் வந்த கார். இலங்கையில் இன்றும் ஓடுகிறது. அதில் ஸ்டெபிலைசர் பார் கிடையாது. ஆனாலும் ஸ்டியரிங்குக்கும் வளைவுக்கும் பேர்போன கார். அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், மாதிரிக் காரைப் பார்த்துவிட்டு அகலம் போதாது என்று நினைத்தார். காரை நடுவால் வெட்டி, நான்கு அங்குலம் அகலமாக்கச் சொன்னார். மொறிஸ் மைனரின் பொனட் நடுவில் ஒரு தட்டையான பட்டி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு அது. அகலமான நிற்பும் பதிவான பாரமும் இருந்தால் கம்பிக்குப் பாதி வேலை மிச்சம்.

கம்பி இல்லாமல் போனதால் ஒரு நாட்டின் சட்டமே மாறிய கதையும் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 1959 கடைசியில் செவ்ரலே கோர்வேர் என்ற காரைக் கொண்டுவந்தது. எஞ்சின் பின்னால். எடையில் பாதிக்கு மேல் பின் சில்லுகளில். கூர்மையான திருப்பத்தில் பின் சில்லுகள் உள்ளே மடியக்கூடிய அமைப்பு. ஓலி சொன்ன கணக்குப்படி பார்த்தால் முன்பக்கம் கம்பி கட்டாயம் இருக்கவேண்டிய கார் இது. ஆனால் முதல் நான்கு வருசம் அதைப் பொதுவாகப் பொருத்தாமலே விற்றார்கள். அதற்குப் பதிலாக முன் டயருக்கு 15, பின் டயருக்கு 26 என்று காற்றுப் போடச் சொல்லி, அந்த வித்தியாசத்தால் சமாளித்தார்கள். பெற்றோல் செட்டில் காற்று அடிக்கிறவருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்? நாலு டயருக்கும் ஒரே அளவு அடித்தால் கம்பனி போட்ட சமநிலை அங்கேயே முடிந்தது.

அதே காலத்தில் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் பீட்டிலும் பின் எஞ்சின் கார்தான். அவர்கள் 1960 மொடலிலேயே முன் கம்பியைச் சேர்த்துவிட்டார்கள். கம்பனி தராததைச் சொந்தக் காசில் வாங்கிப் போடும் வியாபாரமும் இந்தக் காலத்தில்தான் சூடுபிடித்தது. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் வொக்ஸ்வாகன் விற்பனையாளராக இருந்த ஜோ விட்டோன், எம்ப்பி என்ற பெயரில் இப்படியான உதிரிப்பாகங்களைச் செய்து விற்றார். இன்று நம் பிள்ளைகள் போனில் பார்த்து ஓடர் கொடுக்கிற சாமான்களின் மூதாதை அது.

1964 மொடல் கோர்வேரில் முன் ஸ்டெபிலைசர் பார் எல்லாக் கார்களுக்கும் வந்தது. பின்னாளில் செவ்ரலே பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜோன் டெலோரியன் சொன்ன கணக்கின்படி அதற்கான செலவு காருக்கு சுமார் 15 டொலர். அந்தப் பதினைந்து டொலருக்காக உள்ளே பெரிய இழுபறி நடந்தது என்றும், ஒரு மேலதிகாரி பதவி விலகுவேன் என்று சொன்ன பிறகே அனுமதி கிடைத்தது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். 1965 நவம்பரில் ரால்ப் நேடர் என்ற இளம் சட்டத்தரணி கார்க் கம்பனிகளைக் குற்றம் சாட்டிப் புத்தகம் எழுதினார். அதன் முதல் அத்தியாயம் கோர்வேர் பற்றியது. கம்பனி அவருக்குப் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. அது வெளியே வந்ததும், 1966 மார்ச்சில் கம்பனித் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த வருசம் செப்டம்பரிலேயே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

வரலாறு படிக்கும்போது மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1972 இல் அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் சோதித்துப் பார்த்து, அந்தக் கோர்வேர் அக்காலத்து மற்றச் சில கார்களை விட மோசமானதல்ல என்று அறிக்கை விட்டது. வாதம் இன்றும் தீரவில்லை. ஆனால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்கிற ஒன்று உண்டு. எந்தப் பக்கம் முதலில் வழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது சின்ன விசயமல்ல. கம்பனி செய்தாலும் நாம் செய்தாலும் அதற்குப் பொறுப்பு உண்டு.

இதெல்லாம் அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். கந்தளாயிலிருந்து ஹபரணை வரைக்கும் இரவில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அடுத்த கதை விளங்கும். 1997 ஒக்டோபர் 21 ஆம் திகதி, சுவீடனில் ஒரு மோட்டார் சஞ்சிகையின் பத்திரிகையாளர் ரொபர்ட் கொலின், புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரைச் சோதித்தார். அந்த நாட்டுக் காடுகளில் மூஸ் என்றொரு பெரிய மான் இனம் உண்டு. திடீரென்று வீதிக்கு வரும். அதனால் அங்கே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். பிரேக் அடிக்காமல் ஒரு பக்கம் வெட்டி, உடனே மறுபக்கம் திருப்பி, பழைய பாதைக்கு வரவேண்டும். உயரமான அந்தச் சின்னக் கார் இரண்டாவது திருப்பத்தில் கவிழ்ந்தது. மெர்சிடிஸ் விநியோகத்தை நிறுத்தியது. விற்ற கார்களைத் திருப்பி அழைத்து சஸ்பென்ஷனை மாற்றியது. சில்லுகளைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வாகனத்தை நேர்ப்படுத்துகிற ஈ.எஸ்.பி. என்ற இலத்திரனியல் முறையை எல்லாக் காரிலும் போட்டுக் கொடுத்தது.

நமக்கு மூஸ் இல்லை. யானை இருக்கிறது, வீதியில் படுத்திருக்கிற மாடு இருக்கிறது, லைட் இல்லாத சைக்கிள் இருக்கிறது. நம் ஓட்டுநர்கள் அந்தச் சோதனையை ஒவ்வொரு கிழமையும் எழுதுகிறார்கள். முதல் வெட்டில் ஒரு பக்கம் சாய்ந்த வாகனம், இரண்டாவது வெட்டில் மறுபக்கம் வீசி எறியப்படும். வால் முதலில் வழுக்குகிற வாகனம் அந்த இரண்டாவது வெட்டில்தான் சுற்றும்.

முன்பு இந்தப் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போவதென்றால் பாதையில் ஏற்றி இறக்கவேண்டும். வீதியோ குண்டும் குழியும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் திறந்தது. கங்கை, உப்பாறு, இறால்குழிப் பாலங்களும் வந்தன. மட்டக்களப்பு வீதி காபட் ஆனது. மணிக்கு முப்பது கிலோமீற்றரில் போன இடத்தில் எண்பது வந்தது. அமெரிக்காவுக்கு முப்பதுகளில் வந்த கேள்வி நமக்கு இப்போது வந்திருக்கிறது.

இலங்கையில் இந்த அறிவு புதிதல்ல. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில் நம்ம சீனக்குடா போலவே பிரித்தானிய விமானங்கள் நின்ற கட்டுகுருந்தை ஓடுபாதை, பின்னாளில் கார்ப் பந்தயத் திடலானது. அந்த ஓட்டங்களில் காரைத் தயார்படுத்துகிறவர்கள் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஓடிப் பார்த்து, மறுபடி மாற்றுவார்கள். ஹெல்மட் உண்டு, கூண்டு உண்டு, எதிரே வாகனம் வராது. அப்படியான ஓர் இடத்தில்கூட 2024 ஏப்ரல் 21 இல், தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகி ஏழு பேரின் உயிர் போனது. அந்த விபத்துக்கு இந்தக் கம்பி காரணம் என்று நான் சொல்லவில்லை. பந்தயத் திடலிலேயே நிலைமை இதுவென்றால், திருமலை-கொழும்பு வீதியைச் சோதனைத் திடலாக்குவது சரியா என்று மட்டும் யோசியுங்கள்.

இனி, வாங்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு. இந்த வரலாற்றிலிருந்து எனக்குப் பட்டவை இவை.

முதலாவது, இருப்பதைச் சரிபாருங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் நம் வீதியில் ஓடுவதில் பெரும்பகுதி வயதுபோன வாகனம். புஷ் தேய்ந்து, லிங்க் ஆடினால் கம்பி இருந்தும் பிரயோசனமில்லை. குழியில் இறங்கும்போது 'டக் டக்' சத்தம் வந்தால் முதலில் அதை மாற்றுங்கள். நல்ல டயர், சரியான காற்று, ஒழுகாத சொக் அப்சோபர். இவை மூன்றும் இல்லாத வாகனத்துக்குப் பெரிய கம்பி வீண் செலவு.

இரண்டாவது, தடிப்பின் கணக்கு. கம்பியின் முறுக்குப் பலம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 20 மில்லிமீற்றரை 22 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் பலம் 46 வீதம் கூடிவிடும். 24 ஆக்கினால் இரண்டு மடங்கு. "கொஞ்சம் பெரிசுதான்" என்று கடைக்காரர் சொன்னால் அளந்து பாருங்கள். உள்ளே குழலான கம்பியும் உண்டு. 24 வெளி, 18 உள் என்றால் எடை பாதிக்கும் கீழே போகும், பலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குறையும். ஆகவே விட்டத்தை மட்டும் வைத்து இரண்டு கம்பிகளை ஒப்பிடாதீர்கள். மடங்கிய கைகளின் நீளத்தையும் பாருங்கள். கை குட்டையானால் கம்பி இறுகும்.

மூன்றாவது, பின்னால் கம்பி காணவில்லை என்று ஓடிப்போய் வாங்காதீர்கள். விட்ஸ், அக்வா போன்ற கார்களில் பின் சில்லுகளை இணைக்கிற குறுக்குச் சட்டமே முறுக்கேறி அந்த வேலையைச் செய்கிறது. அதன்மேல் இன்னொரு கம்பியைப் பூட்டுவது வாலின் பிடியைக் குறைக்கிற வேலை. மார்கழி மழையில், தேய்ந்த பின் டயரோடு, அதன் விலை தெரியும்.

நான்காவது, சில கார்களில் இந்தக் கம்பிக்கு இன்னொரு உயிர் வேலை உண்டு. 1950 இல் போர்ட் கொன்சல் காரில், முன் சில்லு முன்னுக்கும் பின்னுக்கும் நகராமல் பிடித்து வைத்ததும் இதே கம்பிதான். நம் நாட்டில் நிறைய ஓடிய மாருதி 800 இலும் அதே முறை. அப்படியான காரில் பஞ்சிகாவத்தையில் கிடைத்த ஏதோ ஒன்றைப் பூட்டினால் சில்லின் இருப்பே மாறிவிடும்.

ஐந்தாவது, கம்பி இறுக இறுக இடது சில்லின் குழி வலது சில்லுக்கும் போகும். காபட் வீதியில் சுகமான கம்பி கிரவல் வீதியில் வாகனத்தைத் தூக்கி எறியும். நம்மில் பெரும்பாலானோரின் வீட்டு வாசல் கிரவல் வீதியில்தான் இருக்கிறது.

ஆறாவது, சாய்வு என்பது வாகனம் நமக்குச் சொல்கிற செய்தி. சாய்வைக் குறைத்தால் வேகத்தின் பயமும் குறையும். டயரின் எல்லை அங்கேயேதான் இருக்கும், அங்கே வரும்வரை நமக்குத் தெரியாமல் போகும். ஈ.எஸ்.பி. உள்ள வாகனத்தில் அந்தக் கணக்கும் கம்பனிக் கம்பியை வைத்துப் போட்டது.

ஹயர் ஓடுகிற வேன்காரக் காக்காமாருக்குத் தனியாக ஒன்று. வேனில் கம்பியைத் தொடவேண்டாம். கூரையில் ஏற்றுகிற சாமானைக் குறையுங்கள். உயரத்தில் இருக்கிற ஒவ்வொரு மூட்டையும் எந்தக் கம்பியாலும் ஈடு செய்ய முடியாத சாய்வைத் தரும். உள்ளே தூங்கிக்கொண்டு வருகிறவர்கள் உங்கள் சஸ்பென்ஷனைத் தெரிவு செய்தவர்கள் இல்லை, உங்களை நம்பி ஏறினவர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, முன்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது என்று தெளிவாகத் தெரிந்து, டயரும் புஷ்ஷும் சரியாக இருந்து, வாகனத்துக்கென்றே செய்த கம்பி கிடைத்தால், துளை மாற்றி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக வாங்குங்கள். ஆகத் தளர்ந்த துளையில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முன்பு இருந்த கம்பியை எறிந்துவிடாதீர்கள்.

கராஜில் வேலை செய்கிற என் மாணவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். புஷ்ஷும் லிங்க்கும் மட்டும் மாற்றியதில் வாகனம் எவ்வளவு மாறியது என்று உங்கள் கைக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். எந்த வாகனம், எத்தனை வருசப் பழசு, என்ன செலவு என்பதையும் சேர்த்து எழுதினால், வாங்கப் போகிற அடுத்தவருக்கு இந்தப் பதிவை விட அதுதான் உதவும்.